சேலத்தில் உட்கார்ந்து பாலே பார்ப்பவர்கள் யாராவது உண்டா?

மலையடிவாரம் | ஞாயிறு, இரவு 10:12

வணக்கம். கச்சேரிக்கு இங்கே தனி இழை இருக்கிறது, தெருக்கூத்துக்கு ஒன்று நன்றாகவே ஓடுகிறது, பாலேக்கு மட்டும் எதுவும் கண்ணில் படவில்லை. சரி, நாமே ஆரம்பிப்போம் என்று எழுதுகிறேன்.

நான் நடனம் படித்தவன் இல்லை. வங்கியில் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவன், வீடு கோரிமேட்டில். மகள் லண்டனில் இருப்பதால் குளிர்காலத்தில் அங்கே போய்த் தங்குவது வழக்கம். ஐந்து மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிற அந்த ஊரில் மாலையை எப்படித்தான் தள்ளுவது? கோவன்ட் கார்டனில் இருக்கிற ராயல் ஓபரா ஹவுசில் மேல் மாடியில் விலை குறைந்த சீட்டாக வாங்கிப் போக ஆரம்பித்தேன். அப்புறம் விடமுடியவில்லை. ஊருக்கு வந்தால் அந்த வசதி ஏது? நல்ல வேளையாக ஏற்காட்டில் நண்பர் ஒருவர் காப்பித் தோட்டத்து வீட்டில் புரொஜெக்டர் வைத்திருக்கிறார். மலையில் நெட்டை நம்ப முடியாது என்பதால் டிஸ்க் போட்டுத்தான் பார்க்கிறோம். இன்றைக்கு 'லா பயாடேர்' என்ற பாலே பார்த்துவிட்டு இப்போதுதான் இறங்கி வந்தேன். அந்தச் சூட்டோடு எழுதுகிறேன்.

பாலே என்றாலே நாயகி ஒற்றைக் காலில் பம்பரமாகச் சுற்றுவதுதான் என்று நினைக்கிறார்கள். சுற்றட்டும், நானும் கைதட்டுவேன். ஆனால் நான் போவது பின்வரிசைப் பெண்களுக்காக. சுவரொட்டியில் பெயர் வராத அந்த இருபது முப்பது பேருக்காக.

இன்று பார்த்ததில் அதற்கென்றே ஒரு காட்சி உண்டு, 'நிழல்கள்' காட்சி என்பார்கள். நிகியா என்ற கோயில் நடனக்காரி செத்துப்போகிறாள். அவளைக் கைவிட்ட வீரன் சோலோர் அபின் புகைத்துக் கனவு காண்கிறான். மேடையின் பின்னால் இருட்டில் ஒரு சரிவுப் பாதை. வெள்ளை உடையில் ஒரு பெண் வருகிறாள். ஒரு காலில் நின்று மறு காலைப் பின்னால் உயர்த்தி முன்னே சாய்கிறாள், நிமிர்ந்து பின்னுக்கு வளைகிறாள், இரண்டடி நடக்கிறாள். அவ்வளவுதான் நடனம். அவள் அடுத்த முறை சாயும்போது அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அப்புறம் மூன்றாமவள். லண்டன் ராயல் பாலே குழுவில் இருபத்து நான்கு பேர், சில குழுக்களில் முப்பத்திரண்டு. சரிவு நிரம்பி, மேடை நிரம்பி, எல்லோரும் வரிசை கட்டி நிற்கும் வரை அந்த ஒரே அசைவுதான். முதலில் வந்தவள் பாவம், அதைத்தான் அதிகத் தடவை செய்ய வேண்டும். அவள் கணுக்காலைப் பாருங்கள். நடுங்கினால் மேல் மாடி வரை தெரியும். யாருக்கும் தனிப்பட்ட வீரம் காட்ட இடமில்லை. ஒருத்தி காலை இரண்டு அங்குலம் கூடுதலாகத் தூக்கினாலும் கோடு உடைந்துவிடும்.

திரையில் பார்ப்பதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. இந்த இடத்தில் போய்க் கேமராக்காரர் முகத்துக்கு முகம் தாவுகிறார். ஐயா, முகம் வேண்டாம், தள்ளி நின்று முழு மேடையையும் காட்டு என்று கத்தத் தோன்றும். மேல் மாடியில் உட்கார்ந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. கோலத்தை மொட்டை மாடியிலிருந்து பார்க்கிற மாதிரி மொத்த வடிவமும் தெரியும்.

உங்களில் யாராவது பார்ப்பதுண்டா? என்ன பார்த்தீர்கள், எது பிடிக்கவில்லை, எல்லாம் எழுதுங்கள்.

தட்டுவடைசெட் | ஞாயிறு, இரவு 10:40

சார், தப்பா எடுத்துக்காதீங்க. பாட்டு இல்லை, வசனம் இல்லை, கதை ஒரு போஸ்ட்கார்டில் அடங்கும். அதுக்கு மூணு மணி நேரம். நான் ஸ்வான் லேக் யூடியூபில் முயற்சி பண்ணினேன். இருபது நிமிஷத்தில் தூங்கிட்டேன். முழிச்சுப் பார்த்தா அப்பவும் அன்னம்தான்.

மலையடிவாரம் | ஞாயிறு, இரவு 11:05

தம்பி, நீங்கள் முழித்தபோது இருந்தது எந்த அன்னம், வெள்ளையா கறுப்பா? அங்கேதான் விஷயம். வெள்ளை அன்னம் ஒடெட், கறுப்பு உடையில் வந்து இளவரசனை ஏமாற்றும் ஒடீல், இரண்டும் பொதுவாக ஒரே நடனக்காரிதான். இரண்டாம் அங்கத்தில் இறகு நடுங்குவது போல் கை அசைத்தவள் மூன்றாம் அங்கத்தில் அதே கையைக் கத்தி போல நீட்டுவாள். கதை தெரிந்துகொள்ளவா போகிறோம்? கதை தெரிந்தபிறகுதானே பார்க்கவே ஆரம்பிக்கிறோம்.

முதல் தடவையே ஸ்வான் லேக் முழுசாகப் பார்ப்பதும் சரியில்லை. 1877இல் மாஸ்கோவில் முதன்முதலாகப் போட்டபோது அதற்குப் பெரிய வரவேற்பு இல்லை. இசையமைத்த சைக்கோவ்ஸ்கி 1893இல் இறந்த பிறகு, 1895இல் பீட்டர்ஸ்பர்க்கில் மரியுஸ் பெட்டிபாவும் லெவ் இவானோவும் புதிதாக அமைத்ததுதான் இன்று எல்லோரும் ஆடுகிறதற்கு அடிப்படை. ஏரிக்கரைக் காட்சிகள் இவானோவ் செய்தவை. அந்த அங்கம் ஒன்றை மட்டும் பாருங்கள், அரை மணி சொச்சம்தான்.

ஒடீல் ஒற்றைக் காலில் சுற்றுகிற முப்பத்திரண்டு சுற்று மூன்றாம் அங்கத்தில் வரும். பியெரினா லென்யானி என்ற இத்தாலியக்காரி 1895இல் சுற்றிக் காட்டியது, அன்று முதல் எல்லோர் தலையிலும் விழுந்தது. எண்ணிக்கொண்டிருக்காதீர்கள். நிற்கிற காலைப் பாருங்கள். ஆரம்பித்த இடத்திலேயே சுற்றி முடிக்கிறாளா, மெல்ல மெல்ல மேடை விளிம்புக்கு நகர்ந்து வந்துவிட்டாளா என்று. நகர்ந்தாலும் ஜனங்கள் கைதட்டத்தான் செய்வார்கள்.

கொலுசுப்பட்டறை | திங்கள், காலை 6:50

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். மலையடிவாரம் அண்ணன் கூப்பிட்டு ஒருமுறை நானும் மேலே போய் உட்கார்ந்தேன். எங்கள் தொழிலில் முதலில் காதுக்குத்தான் வேலை. கொலுசை ஆட்டிப் பார்த்தே முத்து சரியாக விழுந்திருக்கிறதா என்று சொல்லிவிடலாம். அந்தக் காதோடு பார்த்ததால் எனக்கு முதலில் பட்டது இதுதான்: கோயில் நடனக்காரி என்கிறார்கள், காலில் ஒரு சலங்கை கிடையாது. சத்தமே இருக்கக்கூடாது என்று மெனக்கெடுகிறார்கள். அத்தனை பேர் குதித்து இறங்கும்போது மட்டும் பொத் பொத்தென்று மாவுமூட்டை விழுகிற சத்தம் வருகிறதே, அது என்ன? செருப்புக்குள் கட்டை வைத்திருக்கிறார்களா?

மலையடிவாரம் | திங்கள், காலை 9:15

கட்டையும் இல்லை, இரும்பும் இல்லை. துணியும் காகிதமும் பசையும் அடுக்கடுக்காக ஒட்டிக் காயவைத்த கூடுதான் முன்பக்கம், மேலே சாடின். அந்தக் கூடும் உள்ளே இருக்கிற விறைப்பான அடித்தகடும் பாதத்தைத் தாங்குகின்றன. புதுச் செருப்பு கல் மாதிரி இருக்கும். அதனால் மேடை ஏறும் முன் சுவரில் அடிப்பார்கள், கதவிடுக்கில் வைத்து நசுக்குவார்கள், மடக்கி வளைப்பார்கள். பாதிக்குப் பாதி அந்தச் சத்தத்தைக் குறைக்கத்தான். ரிப்பனை ஒவ்வொருத்தியும் தானே தைத்துக்கொள்கிறாள். பெரிய வேஷம் என்றால் ஒரே இரவில் ஒரு ஜோடி தீர்ந்துபோவதும் உண்டு. பதிவில் மைக் தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் நமக்குக் கூடுதலாகக் கேட்கிறது.

அரைமண்டி | திங்கள், மதியம் 2:30

வணக்கம். ஐந்து ரோட்டுப் பக்கம் பரதம் சொல்லிக்கொடுக்கிறேன். சலங்கை பற்றிக் கேட்டவருக்கு முதலில் பதில். நாம் தரையைத் தட்டி அதோடு பேசுகிறோம். அவர்கள் தரை என்ற ஒன்று இல்லாதது போல ஆடப் பார்க்கிறார்கள். ஆனாலும் தொடக்கம் ஒன்றுதான். இடுப்பிலிருந்து தொடையை வெளிப்பக்கம் திருப்பாமல் அவர்களுக்கும் ஒன்றும் நடக்காது, நமக்கும் நடக்காது. என் மாணவிகள் முட்டியை மட்டும் திருப்பி ஏமாற்றுவார்கள். பாலே வகுப்பு வீடியோக்களைப் பார்த்தால் அங்கேயும் ஆசிரியர்கள் அதற்குத்தான் கத்துகிறார்கள். மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

அபிநயமும் உண்டு, நாம்தான் கவனிப்பதில்லை. தலைக்கு மேல் இரண்டு கைகளையும் ஒன்றையொன்று சுற்றினால் நடனம் ஆடு என்று பொருள். மோதிர விரலைத் தொட்டால் கல்யாணம். இரண்டு விரலை உயர்த்தினால் சத்தியம். மணிக்கட்டுகளைக் குறுக்கே வைத்து இறக்கினால் சாவு. ஸ்வான் லேக்கில் 'இந்த ஏரி என் அம்மா அழுத கண்ணீர்' என்று ஒடெட் கையாலேயே சொல்கிற இடம் ஒன்று உண்டு. சோவியத் காலத்து அமைப்புகளில் இந்த மாதிரிப் பேச்சை வெட்டிவிட்டார்கள், ஆங்கிலேயர்கள் வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு அது இருக்கிற பதிப்புதான் பிடிக்கும்.

இப்போது சண்டைக்கு வருகிறேன் சார். லா பயாடேரை நீங்கள் இவ்வளவு தூக்கி வைப்பது எனக்குச் செரிக்கவில்லை. கோயில் நடனக்காரி என்று சொல்லிவிட்டு வயிறு தெரிகிற ஜிகினா உடை. பக்கிரிகள் நெருப்பைச் சுற்றிக் குதிக்கிறார்கள். பிராமணத் தலைமைப் பூசாரி சபையிலேயே அவள்மேல் ஆசைப்பட்டு நிற்கிறார். பூக்கூடைக்குள் பாம்பு. ஒரு முத்திரைகூட உருப்படியாக இல்லை. 1838இல் கடலூர்ப் பக்கம் திருவந்திபுரத்திலிருந்து தேவதாசிகள் பாரிசுக்கே போய் ஆடியிருக்கிறார்கள். அம்மணி என்ற பதினெட்டு வயசுப் பெண்ணைப் பார்த்து ஊரே பேசியது, அவளுக்குச் சிலைகூடச் செய்தார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே அவளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார். அதாவது எங்கள் ஆட்டம் எப்படி இருக்கும் என்று ஐரோப்பா நேரிலேயே பார்த்திருந்தது. பார்த்தும் நாற்பது வருஷம் கழித்து மேடையில் வந்தது இந்த ஜிகினாதான்.

கூத்துமேடை | திங்கள், இரவு 8:20

மேடம் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். லா பயாடேர் முதலில் மேடையேறியது 1877, பீட்டர்ஸ்பர்க். அந்த வருஷம் நம்ம ஜில்லாவில் என்ன நடந்தது என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். தாது வருஷப் பஞ்சம். சென்னை மாகாணத்தில் மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் சேலம் ஒன்று. இங்கே கஞ்சித் தொட்டிக்கு ஜனங்கள் நடந்து போய்க்கொண்டிருக்க, அங்கே இந்தியா என்றால் யானையும் மாணிக்கமும் என்று திரை தூக்கியிருக்கிறார்கள். ரஷ்யாக்காரனைத் திட்டச் சொல்லவில்லை. ஆனால் வருஷத்தைப் பார்த்ததும் எனக்கு மனசு ஒட்டவில்லை.

தட்டுவடைசெட் | திங்கள், இரவு 8:31

அடேங்கப்பா. கிண்டல் பண்ண வந்தேன், இப்போ நிஜமாவே படிச்சிட்டிருக்கேன்.

மலையடிவாரம் | திங்கள், இரவு 10:00

அரைமண்டி மேடம், கூத்துமேடை அண்ணா, இரண்டு பேர் சொன்னதையும் மறுக்க எனக்கு ஒன்றும் இல்லை. முதல் அங்கம் ஓடும்போது ஏற்காட்டு நண்பர்கள் சிரிக்கத்தான் சிரித்தார்கள். பக்கிரி குதித்தபோது நானும் சிரித்தேன். பொன் விக்கிரகம் உயிர் பெற்று ஆடும் தனி நடனத்தில் கை முத்திரையைப் பார்த்தால் மேடத்துக்கு ரத்தக் கொதிப்பே வந்துவிடும்.

ஆனால் நிழல்கள் காட்சிக்கு வந்ததும் அந்த இந்தியா முழுக்கக் கழன்றுபோய்விடுகிறது. ஜிகினா இல்லை, பாம்பு இல்லை, ராஜா இல்லை. வெள்ளை உடை, சரிவு, ஒரே அசைவு. இதை அமைத்த பெட்டிபாவுக்கு இந்தியா தெரியாது. ஆனால் கூட்டமாக மனிதர்கள் துக்கப்பட்டால் எப்படி இருக்கும் என்று தெரிந்திருக்கிறது. அதனால்தான் சில குழுக்கள் அந்த ஒரு காட்சியை மட்டும் தனியாக எடுத்து ஆடுகின்றன. நானும் அதை மட்டும் போட்டுப் பார்க்கத் தயார். மீதியை மேடம் வெட்டச் சொன்னால் வெட்டிவிடலாம்!

கோத்தியே விஷயத்தில் இன்னொன்று. அம்மணியைப் பார்த்து எழுதின அதே ஆள்தான் மூன்று வருஷம் கழித்து, 1841இல், ஜிசெல் என்ற பாலேயின் கதையைச் சேர்ந்து எழுதினார். அவர் மனசில் திருவந்திபுரம் எவ்வளவு மிச்சம் இருந்தது என்பதை யார் சொல்ல முடியும்? ஆனால் அந்தக் கதையும் செத்த பெண் ஆடுகிற கதைதான்.

அரைமண்டி | திங்கள், இரவு 10:25

ரத்தக் கொதிப்பு ஏற்கெனவே இருக்கிறது சார் :) நிழல்கள் காட்சிக்கு மட்டும் சமாதானம். மீதிக்கு இல்லை.

ஒரு நியாயமும் சொல்லிவிடுகிறேன். கொடுக்கல் வாங்கல் ஒரு பக்கம் மட்டும் இல்லை. ருக்மிணி தேவி அருண்டேல் முதலில் மயங்கியது பாலேயில்தான். ரஷ்ய பாலே நடனக்காரி அன்னா பாவ்லோவாவைச் சந்தித்து, அவர் குழுவில் இருந்த கிளியோ நோர்டியிடம் பாலே கற்றார். உன் நாட்டு நடனத்தைப் போய்ப் பார் என்று சொல்லியனுப்பியவர் பாவ்லோவா என்பார்கள். 1935இல் ருக்மிணி தேவி அரங்கேறினார், 1936இல் கலாக்ஷேத்ரா. என் குருவின் குரு அங்கே படித்தவர். ஆக, என் பிழைப்பிலேயே பாலேக்கு ஒரு பங்கு இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஓமலூர்_டு_லண்டன் | செவ்வாய், அதிகாலை 3:10

இங்கே இன்னும் தூங்கப் போகவில்லை. ஓமலூர்க்காரன், இப்போது கிழக்கு லண்டன். மலையடிவாரம் சார் சொல்வது உண்மை. கீழ்த்தளத்தில் பெரிய விலை கொடுத்து உட்கார்ந்தால் முகமும் உடையும் தெரியும். மேலே போனால்தான் வடிவம் தெரியும். பக்கவாட்டு இருக்கைகளில் மேடையின் ஒரு மூலை மறையும், ஆனால் அடியில் இருக்கிற இசைக்குழுவை முழுசாகப் பார்க்கலாம். நடத்துநர் ஒரு கண்ணை மேடைமேலேயே வைத்திருப்பார். நடனக்காரி ஒரு சமநிலையை நீட்டிப் பிடித்தால் அவரும் குச்சியை நிறுத்திக் காத்திருப்பார். டிஸ்க்கில் அது தெரியவே தெரியாது. நின்றுகொண்டு பார்க்கிற இடமும் உண்டு, கால் வலி உங்கள் பாடு.

கோட்டு சூட்டு எதுவும் வேண்டாம். நான் ஆபீஸ் பையோடு போவேன். நடுநடுவே கைதட்டலாம், தனி நடனம் முடிந்ததும் தட்டத்தான் செய்வார்கள். எனக்கு முதலில் அது பிடிக்கவில்லை. செத்துக்கொண்டிருக்கிறவள் எழுந்து வந்து வணங்கிவிட்டுத் திரும்பப் போய்ச் சாகிறாளே என்று. இப்போது பழகிவிட்டது.

இங்கே உண்மையான ரசிகர்கள் பாலேயின் பெயரைப் பார்த்துச் சீட்டு வாங்குவதில்லை, அன்றைக்கு யார் ஆடுகிறார்கள் என்று பார்த்துத்தான். ஒரே வாரத்தில் ஒரே ஜிசெல், வேறு வேறு ஆள். ராயல் பாலேயிலேயே நதாலியா ஓசிபோவா ஆடியதும் மரியனெலா நூன்யெஸ் ஆடியதும் டிஸ்க்காக இருக்கிறது. பைத்தியம் பிடிக்கிற இடத்தை மட்டும் இரண்டிலும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள். ஓசிபோவா உடைந்து நொறுங்குகிறார், பார்க்கவே பயமாக இருக்கும். நூன்யெசிடம் பயம் வராது. கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுக்கத் தோன்றும்.

தறிச்சத்தம் | செவ்வாய், காலை 11:40

அம்மாபேட்டை. எனக்குப் பழைய பாலே எதுவும் தெரியாது. ஆனால் அக்ரம் கான் அமைத்த ஜிசெல் பார்த்திருக்கிறேன். வங்காளதேசத்துக் குடும்பத்தில் லண்டனில் பிறந்தவர், கதக் ஆடியவர். 2016இல் இங்கிலிஷ் நேஷனல் பாலேக்குச் செய்தது. அதில் கிராமம் இல்லை. துணித் தொழிற்சாலை மூடிவிட்டார்கள், வேலை இழந்து நிற்கிற வெளியூர்த் தொழிலாளிகள்தான் ஜிசெலும் அவள் ஆட்களும். மேடை அகலத்துக்கு ஒரு பெரிய சுவர். அந்தப் பக்கம் முதலாளிகள். சுவர் திரும்பும்போது அவர்கள் வருகிறார்கள், உடையைப் பார்த்தால் ஒரு வருஷச் சம்பளம் அதிலேயே இருக்கும் போலிருக்கும்.

இரண்டாம் பாதியில் ஆலையில் செத்துப்போன பெண்கள் ஆவியாக வருகிறார்கள். தலைமுடி விரிந்து, கையில் நீளக் குச்சி, எல்லோரும் கட்டைவிரல் நுனியில் நின்றபடி. அங்கே கால்நுனியில் நிற்பது அழகுக்காக இல்லை. தரையில் கால் பாவாத பேய்கள் அவர்கள். தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவன் நான். அந்த இசையில் மெஷின் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல் வரும்போது எனக்குக் கை சும்மா இருக்கவில்லை, நாடா எங்கே என்று தேடுகிறது. இதைப் பார்த்தபிறகு மேல்தட்டு ஆட்டம், நமக்கென்ன என்று சொல்ல முடியவில்லை.

கூத்துமேடை | செவ்வாய், மதியம் 1:05

இதைத்தான் கேட்கிறேன். இந்த மாதிரி நம்ம ஊரில் யாராவது அபிமன்யுவை எடுத்து ஆலையில் வைத்தால் கூத்து கெட்டுப்போச்சு என்று நாமே முதலில் சொல்வோம்.

தறிச்சத்தம் | செவ்வாய், மதியம் 1:20

நீங்கதான் முதலில் சொல்வீங்க அண்ணா.

குட்டியம்மா | செவ்வாய், மாலை 4:45

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் பெண்ணுக்கு ஒன்பது வயசு. வீடியோ பார்த்துவிட்டு பாலேதான் கற்றுக்கொள்வேன் என்கிறாள். ஆன்லைனில் கால்நுனி ஷூ கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. வாங்கிக் கொடுத்தால் வீட்டிலேயே வீடியோ பார்த்துப் பழகட்டுமா? சேலத்தில் யார் சொல்லித் தருகிறார்கள் என்றும் சொன்னால் உதவியாக இருக்கும்.

அரைமண்டி | செவ்வாய், மாலை 5:10

அம்மா, தயவுசெய்து அந்த ஷூவை வாங்காதீர்கள். இதை மட்டும் கேளுங்கள். அதில் நிற்பது விளையாட்டு இல்லை. முறையான வகுப்பில் சில வருஷம் மென்மையான சாதாரணச் செருப்போடு பழகி, கணுக்காலும் பாதமும் இடுப்பும் பலப்பட்ட பிறகு, பதினொன்று பன்னிரண்டு வயசுக்கு மேல், ஆசிரியர் காலைப் பார்த்துச் சரி என்று சொன்னால்தான் ஏற்றுவார்கள். அப்போதும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நிமிஷம்தான். வளர்கிற எலும்பு அது. அளவும் ஒவ்வொரு காலுக்கும் பார்த்துப் பொருத்த வேண்டியது. என்னிடம் ஒரு குழந்தை இப்படி வாங்கி வீட்டில் நின்று பார்த்து, கால் சுளுக்கி ரொம்ப நாள் வகுப்புக்கு வரவில்லை.

ஆசையை அணைக்க வேண்டாம். வேர்ல்ட் பாலே டே என்று வருஷத்துக்கு ஒருமுறை பெரிய குழுக்கள் தங்கள் காலை வகுப்பை இலவசமாக நெட்டில் காட்டுகின்றன, பழையவையும் கிடைக்கின்றன. அதைக் குழந்தையோடு உட்கார்ந்து பாருங்கள். உலகப் பெயர் பெற்றவர்கள்கூடக் காலையில் கம்பியைப் பிடித்து முட்டி மடக்குவதில்தான் ஆரம்பிக்கிறார்கள். அது பிடித்திருந்தால் குழந்தைக்கு உண்மையிலேயே ஆசை இருக்கிறது. சுற்றுவது மட்டும் பிடித்திருந்தால் இன்னும் ஒரு வருஷம் பொறுங்கள். உள்ளூரில் பாலே சொல்லித் தருகிற, நான் தைரியமாகக் கைகாட்டக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து இல்லை. அதுவரை பரதமோ ஜிம்னாஸ்டிக்ஸோ எதுவானாலும் உடம்புக்கு வீண்போகாது. என் வகுப்புக்கு ஆள் பிடிக்கிறேன் என்று நினைக்க வேண்டாம், இடமே இல்லை.

குட்டியம்மா | செவ்வாய், மாலை 5:30

ரொம்ப நன்றி மேடம். கூடையிலிருந்து எடுத்துவிட்டேன். ஒரே அழுகை. வகுப்பு வீடியோவைப் போட்டுக் காட்டுகிறேன்.

கொலுசுப்பட்டறை | செவ்வாய், இரவு 9:00

ஜிசெல் கதையை யாராவது சுருக்கமாகச் சொல்லுங்கள். எல்லோரும் பைத்தியம், பேய் என்கிறீர்கள்.

மலையடிவாரம் | செவ்வாய், இரவு 9:35

கிராமத்துப் பெண் ஜிசெல். இதயம் பலவீனம், ஆடாதே என்று அம்மா சொன்னாலும் ஆடுவாள். ஆல்பிரெக்ட் என்ற பிரபு குடியானவன் வேஷத்தில் வந்து காதலிக்கிறான். அவனுக்கு ஏற்கெனவே வேறு பெண் நிச்சயமாகியிருக்கிறது என்று தெரிந்ததும் இவள் புத்தி பேதலித்துச் சாகிறாள். அந்தப் பைத்தியக் காட்சியில் புது நடனம் ஒன்றும் கிடையாது. முதல் அங்கத்தில் சந்தோஷமாக ஆடின அதே அடிகள்தான் பாதி பாதியாக, காலம் தப்பி வருகின்றன. பூவிதழ் பிய்த்துப் பார்த்ததைக் கையில் பூ இல்லாமலே திரும்பச் செய்கிறாள்.

இரண்டாம் அங்கம் காட்டில், ராத்திரியில். கல்யாணத்துக்கு முன்னால் செத்துப்போன பெண்கள் வில்லிகள் என்ற ஆவிகளாக எழுந்து, அகப்பட்ட ஆணை ஆடவைத்தே சாகடிப்பார்கள். தலைவி மிர்த்தா. இங்கேயும் பின்வரிசைப் பெண்கள்தான் எனக்கு. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு காலில் குதித்தபடி வரிசை வரிசையாக ஒன்றையொன்று ஊடுருவிக் கடந்து போவார்கள். முகத்தில் ஒரு சலனமும் இருக்காது. நிழல்கள் துக்கம் என்றால் இவர்கள் கோபம். ஆல்பிரெக்ட் அகப்பட்டதும் ஜிசெல் அவனுக்குத் துணை நின்று விடியும் வரை காப்பாற்றிவிடுகிறாள்.

கொலுசுப்பட்டறை | செவ்வாய், இரவு 9:50

எங்கள் வீட்டில் இப்படிக் கன்னியாகச் செத்த ஒரு பெண்ணை வருஷா வருஷம் பாவாடை சட்டை வைத்துக் கும்பிடுகிறோம். தாத்தாவுக்கு அத்தை முறை. வீட்டில் எந்த நல்ல காரியம் என்றாலும் அவளுக்குச் சொல்லிவிட்டுத்தான். நம்ம பக்கம் அவள் காவல் தெய்வம். அங்கே ஏன் ஆளை அடிக்கிறார்கள்?

அரைமண்டி | செவ்வாய், இரவு 10:05

நீங்கள் பாவாடை வைக்கிறீர்கள். அவர்களுக்கு யாரும் எதுவும் வைக்கவில்லை போலிருக்கிறது.

கூத்துமேடை | செவ்வாய், இரவு 10:15

வைக்காமல் விட்டால் நம்ம கன்னியும் சும்மா இருக்க மாட்டாள். கனவில் வந்து கேட்பாள் என்பது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். சரி, இந்தக் கதை எனக்கு ஒத்துக்கொள்கிறது. லா பயாடேருக்கு வர மாட்டேன், ஜிசெலுக்கு வருகிறேன்.

தட்டுவடைசெட் | செவ்வாய், இரவு 10:18

நானும் வரேன் சார். தூங்கினா எழுப்பக் கூடாது.

மலையடிவாரம் | புதன், காலை 8:00

ஏற்காட்டு நண்பரிடம் பேசிவிட்டேன். அடுத்த காட்சி ஜிசெல், ஓசிபோவா டிஸ்க். பைத்தியக் காட்சி மட்டும் நூன்யெசுடையதையும் பின்னால் போட்டுப் பார்க்கலாம். தறிச்சத்தம் தம்பி, அக்ரம் கான் டிஸ்க் உங்களிடம் இருந்தால் கொண்டு வாருங்கள், ஆனால் ஒரே நாளில் இரண்டு ஜிசெல் வேண்டாம், அதை அடுத்த மாதம் வைத்துக்கொள்வோம். மத்தியானம் மூன்று மணிக்கே ஆரம்பிக்கிறோம். போன தடவை முடிய நேரமாகி, பனிமூட்டத்தில் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்குவதற்குள் கார் ஓட்டின பையன் எங்களை மனசுக்குள் திட்டித் தீர்த்திருப்பான். என் காரில் மூன்று இடம் இருக்கிறது, கோரிமேட்டில் ஏறிக்கொள்ளலாம். மேடம், மாணவிகளைக் கூட்டி வருவதாக இருந்தால் எத்தனை பேர் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அங்கே நாற்காலி கம்மி, பாய் உண்டு.

அரைமண்டி | புதன், காலை 8:40

பெரிய பெண்கள் நான்கு பேர் வருவார்கள். பாயே போதும். குட்டியம்மா, உங்கள் பெண்ணையும் அழைத்து வாருங்கள், முதல் அங்கம் வரை தாங்குவாள்.

தட்டுவடைசெட் | புதன், காலை 8:52

தட்டுவடை செட் நான் வாங்கிட்டு வரேன். பூண்டுக் காரம் தனியா கட்டச் சொல்றேன், வேணுங்கிறவங்க போட்டுக்கலாம்.